பட்டாதாரரை மட்டும் கேட்டார்கள்

சேலத்துக்கு ரயில் வந்தது 1861 பிப்ரவரி 1-ஆம் தேதி. எங்கள் புதுச்சத்திரத்துக்கு வந்தது 2013 மே 25. நடுவில் 152 வருஷம். அத்தனை காலமும் ராசிபுரம், நாமக்கல் பக்கத்து ஜனங்கள் ரயிலேற வேண்டுமானால் முதலில் பஸ் ஏறிச் சேலத்துக்கோ கரூருக்கோ ஈரோட்டுக்கோ போயாக வேண்டும். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு புதுச்சத்திரம் இருக்கிறது. விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையில் அந்த ஊருக்கு ஸ்டேஷன் உண்டு. "ரயில் நிக்கிற புதுச்சத்திரம் அதுங்க, பஸ் நிக்கிற புதுச்சத்திரம் நம்மளுது" என்று எங்கள் ஊரில் ரொம்ப நாள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். செயினும் கிராஸ் ஸ்டாப்பும் தூக்கிக்கொண்டு காடு மேடு அளந்த காலத்தில் பாதி, நில எடுப்பு வேலையிலேயே போனது. ரோட்டுக்கு எடுத்தோம், வாய்க்காலுக்கு எடுத்தோம், மனைக்கு எடுத்தோம், ரயிலுக்கும் எடுத்தோம். ஒரு பாதை வரப்போகிறது என்றால் அந்த ஊரை யார் கேட்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கேட்பதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அது ரயிலைவிட மெதுவாகத்தான் வந்தது.

முதல் பாதையைப் போட்டது மதராஸ் ரயில்வே கம்பெனி. லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய கம்பெனி. போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டிக்கு சர்க்கார் உத்தரவாதம். பாதைக்கு வேண்டிய நிலம் இலவசம். இதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு ரயில் பாதை போட வேண்டுமானால் பார்லிமெண்டில் தனி மசோதா கொண்டுவர வேண்டும். பாதை யார் நிலத்தில் போகிறதோ அவர்கள் வக்கீல் வைத்து, பார்லிமெண்ட் கமிட்டி முன்னால் நின்று, "இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் கொண்டு போ" என்று வாதாடலாம். அதே ஊர்ப் பணம் கப்பலேறி மதராசில் இறங்கியதும் அந்த வழக்கமெல்லாம் கடலோடு போய்விட்டது. 1857-ஆம் வருஷத்து 6-ஆவது சட்டம் வந்தது. பொதுக்காரியம் என்று சர்க்கார் சொன்னால் அது பொதுக்காரியம்தான். ரயத்து பேசக்கூடிய ஒரே விஷயம் கிரயம்.

அந்தப் பாதை திருப்பத்தூர், மொரப்பூர் தாண்டி, சேர்வராயன் மலையின் மேற்கு அடிவாரத்தில் டேனிஷ்பேட்டை, கருப்பூர் வழியாகச் சேலம் சூரமங்கலத்துக்கு வந்தது. அதே 1861 டிசம்பரில் சங்ககிரியை எட்டியது. 1862 மே மாதம் போத்தனூர் வரை ஓடியது. தெற்கே ராசிபுரம், நாமக்கல் பக்கம் திரும்பவில்லை. ஆனால் பாதை எட்டாத இடங்களுக்கும் அதன் பசி எட்டியது. ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,760 முதல் 2,000 சிலீப்பர் கட்டை வேண்டும். 1850-களில் சென்னை மாகாணத்தில் மட்டும் சிலீப்பருக்காக வருஷத்துக்கு 35,000 மரம் வெட்டினார்கள். எஞ்சினுக்கு எரிக்க விறகு வேறு. 1856-இல் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக வந்த டாக்டர் ஹ்யூ கிளெகார்ன், ரயில்வேயின் மரத் தேவையைப் பற்றி 1861-இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ரயில் சேலத்துக்கு வந்த அதே வருஷம். மலைக்காட்டில் ஆடு மாடு மேய்த்தவர்களையும் சுள்ளி பொறுக்கியவர்களையும் யாரும் கேட்டதாகச் செய்தி இல்லை. அவர்களுக்குக் கிரயம் பேசக்கூட ஒன்றும் கிடையாது. காடு அவர்கள் பேரில் இல்லை.

மரம் போனது கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீர் தடம் மாறியது தெரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. அதை முதலில் சத்தமாகச் சொன்னது வங்காளம். 1860-களில் அங்கே காய்ச்சல் வந்து ஊர் ஊராகக் காலியானது. 1864-இல் சர்க்கார் அமைத்த விசாரணைக் குழுவில் இருந்த திகம்பர் மித்ரா என்ற இந்திய உறுப்பினர், ரோட்டுக்கும் ரயிலுக்கும் போட்ட மண்கரைகள் மழைத்தண்ணீர் வடிவதைத் தடுத்து ஊரைச் சுற்றித் தேக்கிவிட்டன என்றார். அறுபது வருஷம் கழித்து, 1925-இல், வங்காளத்துச் சுகாதார அதிகாரி பென்ட்லி மலேரியாவையும் விவசாயத்தையும் பற்றி ஒரு புத்தகமே எழுதி, கரைகள் தண்ணீரை மறித்த கதையை விளக்கினார்.

இதற்கு நடுவில் 1890-இல் ஒரு ரயில்வே சட்டம் வந்தது. அதன் 11-ஆவது பிரிவை எல்லா ஊரிலும் எழுதி ஒட்டிவைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். பாதை போடுவதற்கு முன்னால் பக்கத்து நிலங்களுக்குத் தண்ணீர் எவ்வளவு தாராளமாக வந்து போனதோ, போட்ட பிறகும் கூடியவரை அவ்வளவே வந்து போகும்படி பாலமும் மதகும் வடிகாலும் ரயில்வே கட்டித் தர வேண்டும் என்று அது சொல்லியது. வண்டி, ஆடு மாடு கடக்க வழியும் விட வேண்டும். இந்தப் பிரிவு இப்போதைய 1989 சட்டத்தில் 16-ஆவது பிரிவாக அப்படியே இருக்கிறது. கடமை எழுதப்பட்டுவிட்டது. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்பது மட்டும் எழுதப்படவில்லை.

நிலத்துக்காரர் பேச வாய்ப்பு வந்தது 1923-இல். 1894 நில எடுப்புச் சட்டத்தில் 5ஏ என்று ஒரு பிரிவைச் சொருகினார்கள். நிலம் தேவை என்று சர்க்கார் வெளியிடும் 4(1) அறிவிக்கை வந்த 30 நாளைக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். அதிகாரி நேரில் விசாரிக்க வேண்டும். சேலத்துக்கு ரயில் வந்து 62 வருஷம் கழித்துத்தான், "எதுக்குங்க எங்க நிலம்?" என்று கேட்பது சட்டப்படி சரி என்றானது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அதே 5ஏதான் நடைமுறை. எங்கள் ஆபீசில் அதற்கு 'அஞ்சு ஏ' என்று பேர்.

அஞ்சு ஏ விசாரணை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். எந்தத் திட்டம், எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். எல்லாம் ஒரே மாதிரிதான். பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையில் ஒரு மேஜை. நில எடுப்புத் தாசில்தார், எழுதுவதற்கு ஒரு ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), பக்கத்தில் புலப்படச் சுருளோடு நான். நோட்டீஸ் யார் பேருக்குப் போனதோ அவர்களை வரிசையாகக் கூப்பிடுவார்கள். ஆட்சேபணை உண்டா, இல்லையா? உண்டென்றால் எழுதி வாங்கி, நிலம் கேட்ட துறைக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். "தேவையான இடங்களில் பாலம் அமைக்கப்படும்" என்று ஒரு வரிப் பதில் வரும். அதையும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அதோடு முடிந்தது.

ஒருமுறை வயசான ஒருத்தர் கடைசியில் எழுந்து நின்றார். "ஏனுங்க தாசில்தாரய்யா, எனக்கு நிலம் போகலீங்க. எங்க காட்டுக்கு வர்ற தண்ணிதானுங்க போகுது."

தாசில்தார் பட்டியலைப் பார்த்தார். "உங்க பேரு இதுல இல்லீங்களே, பெரியவரே."

"நிலம் போனவனுக்குக் காசு குடுக்கறீங்க. தண்ணி போனவன் எந்த நோட்டீசுல வர்றதுங்க?"

சட்டத்தில் 'சம்பந்தப்பட்ட நபர்' என்றால் எடுக்கிற நிலத்தில் உரிமை உள்ளவர். கீழ்க்காட்டுக்காரர் வரமாட்டார். குத்தகைக்கோ வாரத்துக்கோ பிடித்தவர் பேர் பதிவேட்டில் இருந்தால்தான் உண்டு. இட்டேரியில் ஆடு ஓட்டிப் போகிறவர்கள், அந்தக் காட்டில் களை வெட்டிப் பிழைக்கிறவர்கள் யாரும் வரமாட்டார்கள். பெரியவர் பேசியதை ஆர்.ஐ. எழுதவில்லை. எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

என் கையிலிருந்த புலப்படமும் அவருக்கு உதவாது. அதில் வாய்க்கால் புறம்போக்கு என்று தனி எண் இருந்தால் இரண்டு கோடு போட்டுக் காட்டியிருக்கும். பட்டாக் காட்டுக்குள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரப்பு தாண்டி வரப்பு வழிந்து போகிற மழைத்தண்ணீருக்குக் கோடு கிடையாது. சர்வே எண், எல்லைக்கல், ஜி லைன் என்கிற அளவைக் கோடு, கிணறு எல்லாம் படத்தில் இருக்கும். சரிவு இருக்காது. ஐப்பசியில் ஒரு கனமழை பெய்யும்போது வந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் அளவை வேலை மழையில் நடக்காது.

இன்னொன்றும் உண்டு. நாமக்கல் சீமையில் ரயில் வேண்டாமென்று சொன்ன ஆள் அபூர்வம். ஒன்றரை நூற்றாண்டு ஏங்கிக் கிடந்த ஊர்கள். சேலம் - நாமக்கல் - கரூர் 85 கிலோமீட்டர் பாதைக்கு 1996-97 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி கிடைத்தது. 1997 ஜனவரி 1-இல் நாமக்கல் தனி மாவட்டமானது. அடுத்தடுத்து இரண்டு நல்ல சேதி. அந்தச் சூழ்நிலையில் ஒருத்தர் எழுந்து "என் ஓடைக்கு ஒரு குழாய் வையுங்க" என்று கேட்டால், "ரயிலைத் தடுக்கப் பாக்கறயா?" என்று சொந்தக்காரரே அதட்டுவார். விசாரணை என்ற ஏற்பாடே ஆட்சேபணை கேட்பதற்காக வைத்தது. வேண்டும் என்கிறவருக்கு அங்கே வேலையில்லை. வேண்டாம் என்கிறவருக்கு ஒரு படிவம் உண்டு. "வேணும், ஆனா இப்படி வேணும்" என்கிறவருக்கு இடமே கிடையாது. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் இந்த மூன்றாவது வகை.

ரோடு போட்டாலும் மண்கரை வருமே, ரயிலுக்கு மட்டும் என்ன தனிக் கவலை என்று கேட்கலாம். ரோடு மேடு பள்ளத்தோடு ஏறி இறங்கிப் போகும். ரயில் அப்படிப் போக முடியாது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறினாலே சரக்கு வண்டிக்கு மூச்சு வாங்கும். அதனால் மேட்டை வெட்டுவார்கள், பள்ளத்தில் கரை போடுவார்கள். எங்கள் பூமி போதமலை, நைனாமலை, கொல்லிமலை என்று மலைகளைப் பார்த்தபடி அலையலையாய்க் கிடக்கிற பூமி. நேர்க்கோட்டில் ஒரு பாதை போனால் வெட்டும் கரையும் மாறி மாறித்தான் வரும். அகலப் பாதை ஒற்றை வழிக்குக் கரையின் மேல்தளம் 6.85 மீட்டர் என்று ஒரு கணக்கு இருந்தது. பக்கச் சரிவு ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம். நாலு மீட்டர் உயரக் கரைக்கு அடி அகலம் 22.85 மீட்டர் வந்துவிடும். நூறு மீட்டர் நீளத்துக்கு அடியில் மட்டும் 56 சென்ட் நிலம். பட்டாதாரருக்கு இந்த 56 சென்ட்டுக்குக் காசு கிடைக்கும். கரைக்கு மேல்பக்கம் எத்தனை ஏக்கர் மழைத்தண்ணீர் அந்த நூறு மீட்டரை நோக்கி வரும், அது எந்தக் கண் வழியாக அந்தப் பக்கம் போகும் என்பது வேறு கணக்கு. வரைபடத்தில் ஓடை என்று எழுதிய இடத்தில் பாலம் வரும். எழுதாத இடத்தில் தண்ணீர் கரையோரமாகவே ஓடி, பக்கத்து ஓடையில் போய்ச் சேரும். ஒரு காட்டுக்கு இரட்டைத் தண்ணீர். இன்னொரு காட்டுக் கிணறு ஊறாது.

இதையெல்லாம் முன்கூட்டியே விசாரிக்கத்தானே சுற்றுச்சூழல் சட்டம் இருக்கிறது என்பார்கள். போபால் விஷவாயுவுக்குப் பிறகு 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1994 ஜனவரி 27-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. மக்கள் கருத்துக்கேட்பு அதில் 1997 ஏப்ரலில் கட்டாயமாயிற்று. 2006 செப்டம்பர் 14-இல் புது அறிவிக்கை. இதன்படி கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பு, அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியில், கலெக்டர் தலைமையில் கூட்டம், வீடியோ பதிவு. முக்கியமாக, பட்டா இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அந்தப் பெரியவர் அங்கே வந்து தாராளமாகப் பேசலாம்.

ஆனால் அந்த அறிவிக்கையின் பட்டியலில் சுரங்கம் உண்டு, அணை உண்டு, துறைமுகம், விமான நிலையம், நெடுஞ்சாலை உண்டு. ரயில் பாதை 1994-லும் இல்லை, 2006-லும் இல்லை. வனத்துக்குள் போனால் வன அனுமதி வாங்க வேண்டும். எங்களைப் போல மானாவாரிக் காட்டுக்குள் போனால் எந்தக் கூட்டமும் தேவையில்லை. லாரியைவிட ரயில் காற்றைக் கெடுப்பது குறைவு. அதனால் ரயில் நல்லது என்பது பொதுவான எண்ணம். நாமக்கல்லில் அதை யாரும் மறுக்க மாட்டார்கள். கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் லாரி லாரியாக வந்த காலம் போய்ச் சரக்கு ரயிலில் வருவதைப் பார்க்கிறோம். புகை குறைவு என்பது ஒன்று. கரை தண்ணீரை மறிக்கும் என்பது வேறொன்று. முதலாவதைச் சொல்லி இரண்டாவதைக் கேட்காமல் விட்டார்கள்.

பக்கத்திலேயே ஒரு ஒப்பீடு இருக்கிறது. 2018-இல் சேலம் - சென்னை எட்டுவழிச் சாலைக்கு, 277 கிலோமீட்டருக்கு, காட்டுக்குள் கல் நட்டார்கள். ஜனங்கள் கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். வழக்கு போனது. சுற்றுச்சூழல் அனுமதியை எப்போது வாங்க வேண்டும், நிலம் எடுக்கும் அறிவிக்கைக்கு முன்பா பின்பா என்பது அதில் பெரிய கேள்வி. முன்பே வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8-இல் அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம், வேலை தொடங்கும் முன் வாங்கினால் போதும் என்றது. முன்போ பின்போ, சாலைக்கு அந்த அனுமதி வேண்டும் என்பதில் இரண்டு தீர்ப்புக்கும் வித்தியாசமில்லை. அதே சேலத்துச் சமவெளியில் தார் போட்டால் கேட்க வேண்டும். தண்டவாளம் போட்டால் கேட்க வேண்டியதில்லை.

வெளியூர்க் கடன் வாங்கினால் மட்டும் கதை மாறுகிறது. மும்பை - அகமதாபாத் அதிவேக ரயிலுக்கு ஜப்பானின் ஜைக்கா கடன் கொடுத்தது. அவர்கள் விதிப்படி தாக்க மதிப்பீடும் மக்கள் கூட்டமும் நடத்தியாக வேண்டியிருந்தது. 2018-இல் பால்கர் பக்கத்தில் கூட்டத்தில் ஜனங்கள் எதிர்த்துச் சத்தம் போட்டார்கள். சத்தம் போடவாவது ஒரு கூட்டம் இருந்தது. இங்கிலாந்தில் ஹெச்.எஸ்.2 பாதையின் முதல் கட்டத்துக்கு 2013 நவம்பரில் வெளியிட்ட சுற்றுச்சூழல் அறிக்கை ஏறத்தாழ 50,000 பக்கம். அவ்வளவையும் யார் படிப்பார்கள் என்று அங்கேயே திட்டினார்கள். எங்களுக்கு 50,000 பக்கம் வேண்டாம். ஐந்து பக்கம் தமிழில் இருந்தால் போதும்.

2013-இல் நாடாளுமன்றம் பழைய 1894 சட்டத்தை எடுத்துவிட்டுப் புது நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதில் சமூகத் தாக்க ஆய்வும் ஊர்க் கூட்டமும் உண்டு. அமலுக்கு வந்தது 2014 ஜனவரி 1. எங்கள் பாதையில் வண்டி ஓடி ஏழு மாதம் ஆகியிருந்தது. முந்தியே வந்திருந்தாலும் முழுசாக உதவியிருக்காது. ரயில்வே சட்டத்தின் கீழ் எடுக்கும் நிலத்துக்கு அந்த ஆய்விலிருந்து நாலாவது அட்டவணையில் விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

ஆக, ரயில் பாதைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நம் கையில் இருப்பது அந்தப் பழைய 1890 சரக்கு ஒன்றுதான். 16-ஆவது பிரிவு. அதிலும் ஒரு கெடு இருக்கிறது. பாதை திறந்த நாளிலிருந்து பத்து வருஷம் வரைதான், போதாது என்று தெரிந்த இடத்தில் கூடுதல் மதகோ வழியோ கட்டித் தரும் பொறுப்பு ரயில்வேக்கு. அதற்குப் பிறகு வேண்டுமென்றால் 17-ஆவது பிரிவின்படி கேட்கிறவர் செலவில்தான். இருக்கிற பாலங்களைப் பராமரிப்பது அவர்கள் கடமை; அது போகாது. புதுசாக ஒன்று கேட்கிற உரிமைதான் போகும். எங்கள் பாதைக்கு அந்தப் பத்து வருஷம் 2023 மே மாதம் முடிந்தது. டீக்கடையில் அது யாருக்கும் தெரியாது. ரிட்டயர் ஆன நான் சொல்லித்தான் சிலருக்குத் தெரிந்தது. அப்போது பத்து வருஷம் கடந்துவிட்டிருந்தது.

இரட்டைப் பாதைப் பேச்சு வெகுநாளாக அடிபடுகிறது. என்றைக்கு வந்தாலும் கரை இன்னும் அகலமாகும். இருக்கிற மதகுகளை நீட்ட வேண்டிவரும். அப்போதும் சட்டம் நம்மைக் கூப்பிடாது. நாமாகத்தான் போய் நிற்க வேண்டும். போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்பது என் அனுபவம். ஆபீஸ்காரன் வாயால் சொன்னதை எழுதமாட்டான்; காகிதம் கொடுத்தால் பதில் போட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு ரயில் பாலத்திலும் நம்பர் எழுதியிருக்கும். பக்கத்தில் கிலோமீட்டர் கல் இருக்கும். மழை பெய்யும்போது எந்த நம்பர் பாலத்தில் தண்ணீர் முட்டுகிறது, எந்தப் பாலம் காய்ந்து கிடக்கிறது, எந்தச் சுரங்கப்பாதையில் இடுப்பளவு நிற்கிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். பழைய கிராம வரைபடத்தை வாங்கி, அதில் இல்லாத தண்ணீர்த் தடத்தைப் பெரியவர்களைக் கேட்டு சிவப்புப் பேனாவால் வரையுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. அதில் தீர்மானமாகப் போடுங்கள். பட்டா இல்லாதவரும் கிராம சபையில் கை தூக்கலாம். அஞ்சு ஏ விசாரணைக்கு இல்லாத பெருமை அதற்கு உண்டு.

தீர்மானம் எழுதும்போது முதல் வரியில் "ரயில் வேண்டும்" என்றே எழுதுங்கள். தடுக்கப் பார்க்கிறாயா என்று யாரும் அதட்ட வேண்டாம். இரண்டாவது வரியிலிருந்து பால நம்பரும் சர்வே எண்ணும் தண்ணீர் போக வேண்டிய இடமும் வரட்டும்.